கறிவேப்பிலை மரமும் ஒரு கேமராவும்: வீட்டிலிருந்தே காட்டுயிர்ப் படம்

[காட்சி: பின்வாசல். கொடியில் நேற்றைய துணி. இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஒரு பறவை விடாமல் பாடுகிறது.]

வணக்கம். மணி ஆறு நாற்பது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்வாசலில் நிற்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். பாடுகிறதே, அது குண்டுகரிச்சான். மலாயில் முராய். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும்.

காட்டுயிர்ப் படம் என்றால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும், பெரிய லென்ஸ் வாங்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டு தடவை போய் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். எடுத்த படத்தில் பாதி வெறும் இலை. வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர்ப் பெயரே கெலுவாங் என்கிற பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை போகும். அது எங்கள் கூரைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அதன் சின்னச் சொந்தக்காரன்தான் கார் நிறுத்தும் இடத்தில் தொங்கிக்கொண்டு, மென்று துப்பிய சக்கையால் தரையை நாசம் செய்கிறது. அதையும் எடுத்திருக்கிறேன், பெருக்குவதற்கு முன்னால்.

[காட்சி: சுவர்க் கடிகாரம். பிறகு வேலியோரம் விழும் முதல் வெளிச்சம்.]

முதலில் நேரம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஐந்தரைக்கு அலாரம் வைக்காதீர்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். உச்சிவெயில் ஒரு மணிக்கு. ஏழேகால் முதல் ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம், அப்புறம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். நடுவில் எடுத்தால் பறவையின் முதுகு வெளுத்துப்போகும், வயிறு இருட்டாகிவிடும். அந்த நேரத்தில் சோறாக்கலாம்.

[காட்சி: கறிவேப்பிலைக் கொழுந்து, மிக அருகில்.]

சரி, இப்போது என் மரம். தமிழர் வீட்டுப் பின்னால் ஒரு கறிவேப்பிலை இல்லாமல் இருக்காது. கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி இட்டது. சில நாளில் பொரிந்து வரும் புழு, பார்க்க அசல் பறவை எச்சம் மாதிரி இருக்கும். பழுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? வளர்ந்ததும் சட்டையை மாற்றிப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைப் புழுவை லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவை நீளும், பாம்பு நாக்கு போல. கூடவே ஒரு நெடி. அரை நொடியில் உள்ளே போய்விடும். அதைப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. புழுவுக்கும் என்னைக் கண்டு சலித்துவிட்டது. கடைசி நாள் தொட்டும் கவையை நீட்டவில்லை. ஒரு முறை தொடுங்கள், போதும்.

இதற்கு கைப்பேசியே போதும். மூக்கை ஒட்டும்படி கிட்டே போகாதீர்கள், உங்கள் நிழலே விழும். ஓர் அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் புழுவின் வயிறு தெரியும். காற்றில் கிளை ஆடினால், ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் கிளையைச் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

[காட்சி: செம்பருத்திப் பூ. பூவின் அடியில் தேன்சிட்டு.]

பக்கத்திலேயே செம்பருத்தி. நாட்டின் பூ, தேன்சிட்டுக்கு அது ஓசிக் கடை. பூவின் வாய்க்கு நேராகக் கேமராவை வைத்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். தேன்சிட்டு பெரும்பாலும் முன்பக்கம் வராது, பூவின் அடிப்பகுதியில் அலகால் துளை போட்டு உறிஞ்சும். குறியைக் காம்புப் பக்கம் வையுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். கண் தெளிவாக விழுந்தால் படம் தேறிவிடும்.

தேன்சிட்டின் கூடு பழைய காலுறை தொங்குவது போல இருக்கும், நாரும் சிலந்தி நூலும் கலந்தது. வாசலில் தொங்கும் பூச்சட்டியில்கூடக் கட்டும். மறைப்பதாகத் தெரிகிறது என்று ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. அந்த இலைதான் காக்கை கண்ணில் படாமல் கூட்டை மறைக்கிறது. நான் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி எடுக்கிறேன். மனிதனைக் கண்டால் பறக்கும் குருவி காரை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. என்ன, எதிர்வீட்டு அங்கிள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் சண்டையா தம்பி?" என்று கேட்டார்.

தீனி வைத்து வரவழைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வாழைப்பழம் வைத்தால் குருவிக்கு முன்னால் குரங்கு வரும். அடுத்த நாள் சமையலறைக்கே வரும். கைப்பேசியில் முராய்ப் பாட்டைப் போட்டுக் கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்காது. எதிரி வந்துவிட்டான் என்று அது வேலையை விட்டுவிட்டு அலையும்.

[காட்சி: லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலப் பூஞ்சை.]

இது என் முதல் லென்ஸ். பாச்சை உருண்டையோடு துணி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது காற்றுப்புகாத ரொட்டி டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நாற்பது முதல் ஐம்பது சதவீதம் காட்டினால் போதும். ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தாலும் கண்ணாடி பனித்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

[காட்சி: இரவு. கூரை விளிம்பில் இரண்டு கண்கள்.]

ராத்திரி யாரும் சமைக்காதபோது ரம்பை இலை வாசம் வந்தால், கூரையைப் பாருங்கள். மரநாய். முசாங் பாண்டான், அதாவது ரம்பை மரநாய் என்று மலாய்க்காரர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. இதற்குத் தானியங்கிக் கேமரா ஒன்றைக் கட்டிவிட்டுத் தூங்கலாம். உடம்புச் சூடு நகர்வதை வைத்து அது விழித்துக்கொள்ளும். பகலில் காற்றே சூடாக இருப்பதால் கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும். லென்ஸ் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பக்கம் கிறீச்சென்று கத்துவது கூகை. ஆயா இருந்தவரை அதைச் சாவுக் குருவி என்று திட்டுவார். தோட்டத்திலோ எலி பிடிக்கட்டும் என்று அதற்குக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கொடுக்கிறார்கள்.

[காட்சி: கறிவேப்பிலைக் குச்சியில் கூட்டுப்புழு.]

போன வாரம் இந்தக் கூட்டுப்புழு கறுத்து, உள்ளே இறக்கை தெரிய ஆரம்பித்தது. மறுநாள் காலை வெளியே வரும் என்று கேமராவை முக்காலியில் பொருத்தித் தயாராக வைத்தேன். ஏழரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வேலியைத் தாண்டிக் கையை நீட்டினார். "தம்பி, சாம்பாருக்கு ரெண்டு கொத்து." எடுத்துக்கோங்க அக்கா, அந்தக் குச்சியை மட்டும் விட்டுடுங்க என்று பறித்துக் கொடுத்துத் திரும்புகிறேன், ஓடு காலியாக இருக்கிறது. மேலே கசங்கின இறக்கையோடு அழகி தொங்குகிறது.

இறக்கை விரிந்து காய்வதை முழுசாக எடுத்தேன். அதுதான் இப்போது ஓடுகிறது.