பிங்காரா ராக்ஸி: ஒரு சின்ன ஊரு காப்பாத்தி வச்ச கிரேக்கக் கதை

வணக்கம் மக்களே! இப்ப நான் நிக்கிறது ஆஸ்திரேலியாவுல, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல இருக்கிற பிங்காரா. சிட்னியிலேருந்து 500 கிலோமீட்டருக்கு மேல வரணும். மொத்த ஊருலயும் ஆயிரத்துச் சொச்சம் பேருதான். ஆனா எனக்குப் பின்னாடி இருக்கிற கட்டடத்தைப் பாருங்க. ராக்ஸி தியேட்டர், அதை ஒட்டியே கஃபே. ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு ஊருங்கள்ல குடியேறின கிரேக்கர்களுக்கான மியூசியம் இங்கதான் இருக்கு.

இதைக் கட்டினவங்க கித்திராங்கிற தீவுலேருந்து பொழைக்க வந்த மூணு கிரேக்கர்கள். பீட்டர் ஃபெரோஸ், இம்மானுவேல் அரோனி, ஜார்ஜ் சால்டிஸ். 1936 மார்ச்சுல தியேட்டரைத் திறந்தாங்க. உள்ளூர்ல ஏற்கனவே படம் ஓட்டிக்கிட்டிருந்தவரோட கடும் போட்டி, கடனும் ஏறிக்கிட்டே போச்சு. சீக்கிரமே திவாலாகி, கட்டினதை எல்லாம் இழந்துட்டாங்க. ஜெயிச்சவங்களுக்கு மியூசியம் வைக்கிறதை எத்தனையோ ஊருல பாத்திருக்கோம். நொடிச்சுப் போன மூணு பேரோட பேரை இந்த ஊரு இன்னும் மரியாதையாச் சொல்லுது பாருங்க, அதுதான் என்னை இங்க இழுத்துட்டு வந்துச்சு.

சரி, கிரேக்கர் கஃபேன்னா என்னன்னு சொல்லிடுறேன். அந்தக் காலத்துல இந்த நாட்டுச் சின்னச் சின்ன ஊருலகூட ஒரு கிரேக்கர் கடை இருக்கும். மாட்டிறைச்சி வறுவலும் முட்டையும், மில்க் ஷேக், ஐஸ்கிரீம், சோடா. மெனுவுல கிரேக்கச் சாப்பாடு ஒண்ணுகூட இருக்காது! வர்றவங்க தொடமாட்டாங்க. அதனால தங்களோட சாப்பாட்டை வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க. அந்த சோடா, ஐஸ்கிரீம் பாணியெல்லாம் அமெரிக்காவுலேருந்து வந்தது. அங்க வேலை பாத்துட்டு வந்த கிரேக்கர்கள், உறவுக்காரங்க மூலமா இங்க பரவிச்சு. தியேட்டர் பக்கத்துல கஃபே வச்சதும் கணக்குப் போட்டுத்தான். இடைவேளைக் கூட்டம் நேரா இங்கதானே வரும்!

காலையிலேருந்து ராத்திரி படம் விடுற வரைக்கும் வேலை, குடும்பமே சேர்ந்து. இவ்வளவு உழைச்சும் எல்லாரும் அன்பா நடத்தினாங்கன்னு நினைக்காதீங்க. 1916ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கிரேக்கர் கடைகளைக் கும்பலா வந்து அடிச்சு நொறுக்கியிருக்காங்க. மியூசியம்னா பளபளப்பான நாற்காலியை மட்டும் காட்டினா பத்தாது, இந்த வலியையும் சொல்லணும்ங்கிறது என்னோட உறுதியான எண்ணம்.

ராக்ஸியில 1958ல படம் நின்னுபோச்சு. இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருக்கலாம். ஆனா உள்ளூர் கவுன்சில் 1999ல கட்டடத்தை வாங்குச்சு. 2004ல தியேட்டர் மறுபடி திறந்தது, 2011ல கஃபே பழைய அழகுக்கு வந்தது, 2014ல மியூசியம். கவுன்சில்னா ஊர்க்காரங்க வரிப்பணம் மக்களே! கிரேக்க வம்சமே இல்லாத ஜனங்களும் இதைத் தங்களோட சொத்தா நினைச்சிருக்காங்க. ஏன்னா காதலிச்சவங்க உக்காந்து பேசினது அந்த மேஜையில, பிள்ளைங்க முதல் ஐஸ்கிரீம் சாப்பிட்டது அந்தக் கவுண்டர்ல.

எஃபி அலெக்சாகிஸ்னு ஒரு புகைப்படக் கலைஞர், லியோனார்ட் யானிஷெவ்ஸ்கின்னு ஒரு வரலாற்றாளர். ரெண்டு பேரும் 1982லேருந்து இந்த மாதிரிக் குடும்பங்களைத் தேடித் தேடிப் படமும் பேட்டியும் எடுத்துக்கிட்டிருக்காங்க. அந்த உழைப்பு இல்லைன்னா பாதிக் கதை நம்ம கைக்கே வந்திருக்காது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற ஒண்ணு, பெண்கள். போர்டுல ஆம்பளைங்க பேருதான் இருக்கும். சமையக்கட்டுலயும் கல்லாவுலயும் நின்னது மனைவிமாரும் மகள்களும். அன்னிக்குக் கண்ணாடி டம்ளர் கழுவின பொண்ணுங்க இன்னிக்குப் பாட்டிங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்க, உங்க ஊருப் பக்கம் பழைய கிரேக்கர் கஃபே நடத்தின குடும்பம் இருந்தா, அந்தப் பாட்டிகிட்ட உக்காந்து பேசுங்க. சம்மதிச்சா போன்லயே பதிவு பண்ணுங்க. பழைய போட்டோ இருந்தா, அதுல யாரு யாருன்னு கேட்டுப் பின்னாடி எழுதி வைக்கச் சொல்லுங்க. வாங்க, இப்ப தியேட்டர் உள்பக்கத்தைக் காட்டுறேன்.