கண்ணாடிச் சுவரும் புல் கூரையும்: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஊட்டிப் பக்கம் பூங்கா மாதிரி இடத்தில் புது ஹோட்டல் ஒன்று பார்த்தேன். சுற்றிலும் கண்ணாடி, கூரையில் புல், வாசலில் 'இயற்கைக்கு உகந்தது' என்று பலகை. எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் அப்படி நாலு அறை கட்டலாமா?" இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. பலகை மாட்டினால் ஆயிற்றா?

முதலில் கண்ணாடி. பகலில் வெயில் பட்டு அறை சூடாகும், உண்மைதான். ஆனால் ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரியில், ஒற்றைக் கண்ணாடி அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடும். அப்புறம் அறைக்கு அறை ஹீட்டர். இரட்டைக் கண்ணாடி போட்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். அதைவிட, பெரிய கண்ணாடியைத் தெற்கே மட்டும் வையுங்கள். டிசம்பர் நண்பகலில் நீலகிரியில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வேண்டிய வெயில் தானாக உள்ளே வரும். மற்ற பக்கங்களில் கனமான சுவர், சின்ன ஜன்னல் போதும். தோடர்களின் பழைய வீட்டு வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? தவழ்ந்துதான் நுழைய வேண்டும். குளிருக்கும் அதே கதிதான்.

புல் கூரை அழகுதான். ஆனால் 10 சென்டிமீட்டர் மண் நன்றாக நனைந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம். அதைத் தாங்க எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட்! எனக்குச் சாய்வான ஓட்டுக் கூரைதான் பிடிக்கும்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். அந்த ஹோட்டல் முன்னால் சமமாகப் புல்தரை, கார் நிறுத்த இடம் எல்லாம் இருக்கிறதே, மலையில் அது எப்படி வந்தது? வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் சுவர். ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டினால் மேல் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். தடுப்புச் சுவரில் நீர் வடிய ஓட்டை இல்லையென்றால், பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள்; மறக்கக் கூடாது.

குன்னூர் பக்கம் ஒருவர் தன் காட்டேஜைச் சுற்றிக் காட்டினார். சோலார், மூங்கில் நாற்காலி எல்லாம் இருந்தது. பின்பக்கத் தடுப்புச் சுவரோ வழவழவென்று பூசியிருந்தது, ஓர் ஓட்டை கிடையாது. கொத்தனாரிடம் கேட்டேன். "ஓட்டை வச்சா பாசி வழியும், போட்டோல நல்லா இருக்காதுன்னு ஓனர் சொல்லிட்டாருங்க" என்றார்! முதலில் தண்ணீர் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

அதனால் சகோதரி, அடுத்த நல்ல மழையில் குடையோடு தோட்டத்தில் நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடுகிற, ஊறுகிற இடமெல்லாம் குச்சி நட்டு வையுங்கள். அங்கே கட்டாதீர்கள். மிச்ச இடத்திலும் நிலத்தை வெட்டாமல், தூண் வைத்துத் தரையைத் தூக்கிக் கட்டுங்கள். நாலு அறைக்கு இடம் வராவிட்டால் மூன்றே கட்டுங்கள். வரைபடம் போட்டதும் அனுப்புங்கள், குச்சி நட்ட இடங்களையும் குறித்து.