எட்டரை மதிப்பெண், ஆனால் எந்த மண்ணில்?

(மட்டக்களப்பில் வீட்டுத்தோட்டச் செய்கையாளர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னர், மலைநாட்டு நாற்றுமேடை ஒன்றில் ஒட்டு ரோசாக் கன்று ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த ரகத்திற்கு அமெரிக்க ரோசாச் சங்கத்தார் எட்டரைக்குக் குறையாத மதிப்பெண் வழங்கியிருந்ததைப் பார்த்த பிறகே அதை வாங்கினேன். ஆவணியில் பூத்தது, ஐப்பசி மழை தொடங்கியது, மார்கழி முடிவதற்குள் இலைகள் யாவும் உதிர்ந்து ஈர்க்குக் கட்டுப்போல நின்றது. அன்றுதான் அந்த எட்டரை யாருடைய கணக்கு என்று கேட்கத் தோன்றியது.

1892ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், புதிதாக அறிமுகமாகும் ரகங்களைத் தம் வளவில் வளர்த்துப் பார்த்தவர்களிடமே அபிப்பிராயம் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று சராசரி எடுக்கிறது. 8.3 முதல் 8.7 வரை பெற்ற ரகத்தைத் தயங்காமல் நடலாம் என்பார்கள், 6.0 அல்லது அதற்குக் கீழே போனால் பரிந்துரைப்பதில்லை. ஆனால் அவர்கள் கேட்பது ஒரு மதிப்பெண்ணை மாத்திரம் அன்று. தோட்டத்துக்கு ஒன்று, கண்காட்சிக்கு இன்னொன்று என்று தனித்தனியே கேட்கிறார்கள். தோட்ட மதிப்பெண் முழு மரத்தையும் பார்த்து இடப்படுவது: வீரியம், நோய் தாங்கும் தன்மை, எத்தனை பூ, எத்தனை நாளில் மறுபடி பூக்கிறது, வெயிலில் நிறம் வெளிறுகிறதா என்பவை அதில் அடங்கும். கண்காட்சி மதிப்பெண்ணோ மேசையில் வைத்த ஒற்றைத் தண்டைப் பற்றியது.

அந்த மேசையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அச்சங்கத்தின் நடுவர்கள் 100 புள்ளிகளைப் பங்கிடும்போது பூவின் வடிவத்திற்கு 25, நிறத்திற்கு 20, காம்புக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்திற்கு 15, அளவுக்கும் பொருத்தத்திற்கும் தலைக்குப் பத்து என்று கொடுக்கிறார்கள். ஹைபிரிட் டீ என்னும் கலப்பின ரோசாக்களில் அவர்கள் தேடும் வடிவம், பூ அரைப்பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை விரிந்த நிலையில் நடு மொட்டு உயர்ந்து நிற்க, இதழ்கள் அதைச் சுற்றிச் சுருளாக அடுக்கிய வடிவமாகும். அதற்காக வளர்ப்பவர் பக்க மொட்டுகளைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட்டு, ஒரு தண்டுக்கு ஒரு பூவை மாத்திரம் விட்டு வைப்பார். வாசனைக்கு இந்தப் பொதுப் பட்டியலில் புள்ளியே இல்லை. நம் வீட்டுத் தாய்மார் பூவைக் கையில் எடுத்ததும் முதலில் மூக்கருகேதான் கொண்டுபோவார்கள். அவர்களை நடுவராக அமர்த்தினால் பரிசுகள் முழுவதும் இடம் மாறிவிடும் என்பது என் எண்ணம்.

ஆகவே மேசையில் முதற்பரிசு பெறும் ரகம் வளவில் மோசமாக இருக்கலாம். இதழ் செறிந்த பெரிய பூக்கள் தொடர்மழையில் விரிய முடியாமல் வெளியிதழ்கள் ஒட்டிப்போய் மொட்டிலேயே அழுகுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இலையில் விழும் கரும்புள்ளியும் அப்படித்தான். அந்நோயை உண்டாக்கும் பங்கசின் வித்தி முளைத்து இலைக்குள் இறங்குவதற்கு, இலை ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் நனைந்தபடியே இருக்க வேண்டும். வாடைக்காற்றோடு இரவு முழுவதும் தூறும் நம்முடைய மாரிக்கு அது ஒரு பெரிய காரியமா? மழை குறைந்த கலிபோர்னியாவில் ஒருவர் இட்ட ஒன்பதும், கிழமைக்கொரு தடவை மருந்தடிக்கும் இன்னொருவர் இட்ட ஒன்பதும் அந்தச் சராசரிக்குள் கலந்தே கிடக்கின்றன.

இந்த இடத்தில் ஜேர்மனியரின் முறையே எனக்குப் பிடித்திருக்கிறது. ஏடிஆர் என்று அழைக்கப்படும் அவர்களுடைய பரிசோதனையில் புதிய ரகங்கள் நாட்டின் பல இடங்களில் நடப்பட்டு, மருந்தே அடிக்கப்படாமல், மூன்று வருடம் கவனிக்கப்படுகின்றன. தானாக நிமிர்ந்து நிற்பதற்கே அங்கே மதிப்பு.

நம்மிடம் அத்தகைய நிலையம் இல்லாவிட்டாலும் மழையும் மணலும் தாராளமாக உண்டு. கல்லடிக் கடற்கரையோர மணலில் வளர்ப்பவரும், வாவிக்கரையில் வளர்ப்பவரும், படுவான்கரையில் வயல்மண்ணைச் சாடியில் நிரப்பி வளர்ப்பவரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரே ரகத்தின் இரண்டு கன்றை மருந்தில்லாமல் வளர்த்து, தை பிறக்கும்போது எத்தனை பங்கு இலை மிஞ்சியிருக்கிறது, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது பூ எத்தனை நாள் நிற்கிறது, வாசம் உண்டா என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து, பத்துக்கு இத்தனை என்று போடுங்கள். இறந்துபோன கன்றுக்கும் மதிப்பெண் போட மறக்க வேண்டாம்; அதை விட்டுவிட்டால் சராசரி பொய் சொல்லும். என்னுடைய ஈர்க்குக் கட்டுக்கு நான் மூன்று போட்டிருக்கிறேன், அதில் ஒன்று ஆவணியில் பூத்த அந்த ஒரேயொரு பூவுக்காக.