ஐந்தடிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு

நேயர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீளமான எக்ஸ்பிரஸ் வண்டிதான். குகைக்குள் நுழைந்து, பாலம் ஏறி, வட்டமாகச் சுற்றி வரும். அதைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. யார்டில் கூட்ஸ் வேகன்களை இழுத்து, தள்ளி, பிரித்து, சேர்க்கிற குட்டி ஷண்டிங் எஞ்சின்களைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமிருந்து நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் கூடுகிறோம். அவரவர் எஞ்சினைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் ஒருவர் எஞ்சினை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அங்கே எங்களுக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான். ஏன் அந்தச் சட்டம் என்று பிறகு சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு காரைக்குடி ஜங்ஷனில் ஷண்டிங் பார்த்த நினைவு இருக்கும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929-லும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை 1930-லும் போட்ட மீட்டர்கேஜ் பாதை நம்முடையது. திருவாரூர் பக்கமிருந்து பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக வந்த பாதையும் இங்கேதான் சேர்ந்தது. அந்நாளில் கம்பன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வந்து இங்கே முடியும். வண்டி நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றி எடுத்து வந்து மறுமுனையில் மாட்டுவார்கள். பாதையை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் எஞ்சின் படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறுகையில் கொடி பிடித்து வருவார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். டிக்கெட் வாங்காமல் பார்க்கக் கிடைத்த நல்ல காட்சி அது.

இன்றைய பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. ஒரு வேகன் உரம், இரண்டு வேகன் உப்பு என்று சின்ன ஸ்டேஷன்களில் தனித்தனியாக ஏற்றி இறக்குவது 1980-களில் குறையத் தொடங்கி, முழு ரேக்காக, அதாவது வேகன்களைப் பிரிக்காமல் முழு வண்டியாகவே, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு அனுப்பும் முறை வந்துவிட்டது. ரயில்வேக்கு அது நல்லதுதான், நேரம் மிச்சம். ஆனால் ஒரு ஸ்டேஷனில் வேகன்களைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி என்று நேரில் பார்க்க இனி வழி குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதைக் காட்டக்கூடிய இடம் மாதிரி ரயில் ஓடும் எங்கள் ஐந்தடிப் பலகைதான். இதனால்தான் இந்தப் பொழுதுபோக்கை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, பலகைக்கு வருவோம். நாங்கள் பயன்படுத்துவது எச்ஓ என்கிற அளவு. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டருக்கு ஒட்டி வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருக்கும் பாதையின் அகலம் அதுதான். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் போகும். ஆக, கடையில் கிடைக்கிற தண்டவாளத்தில் நம் ஊர் எஞ்சினை ஓட்டினால் பாதை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். இதை ஒரு பெரிய குறையாகப் பேசி வருஷக்கணக்கில் எதுவுமே செய்யாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்கிற தண்டவாளத்தில் முதலில் ஓட்டுங்கள் என்பதே என் கட்சி. அகலத்தைத் திருத்த ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது.

பட்டாலையில் என்னென்ன எஞ்சின்கள் வந்து சேரும் என்று சொல்கிறேன். ஒருவர் இங்கிலாந்தின் கிளாஸ் 08 வைத்திருக்கிறார். 1952 முதல் 1962 வரை 996 எஞ்சின்கள் கட்டிய வகை அது. 350 குதிரைத்திறன், ஆறு சக்கரம், வெளியே தெரிகிற இணைப்புக் கம்பி. மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மேல் போக வேண்டிய அவசியமே அதற்குக் கிடையாது. இன்னொருவரிடம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் 44 டன் எஞ்சின் மாதிரி இருக்கிறது. இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் 1937-ல் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தப்படி, 90,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள எஞ்சினில் டிரைவரோடு ஒரு ஃபயர்மேனும் இருந்தாக வேண்டும். கம்பெனி என்ன செய்தது? 88,000 பவுண்டில் ஒன்றைக் கட்டிவிட்டது. அந்தக் கணக்கில் பிறந்ததுதான் 44 டன். நடுவில் கேபின், இரண்டு பக்கமும் தாழ்வான மூக்கு. ஓட்டுபவருக்கு இரண்டு திசையும் நன்றாகத் தெரியும், யார்டு வேலைக்கு அதுதானே வேண்டும்.

நம் ஊர் எஞ்சின்களும் உண்டு. சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூடிஎஸ்4, ஆறு சக்கரத்தையும் கம்பியால் இணைத்த டீசல் ஹைட்ராலிக் ஷண்டர். அப்புறம் டபிள்யூடிஎஸ்6. நம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்டிஎம்4-க்கு இருந்த அதே ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்தான் அதற்கும், ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வகை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு பெரிது. இவற்றின் மாதிரி கடையில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் வெளிநாட்டுக் குட்டி எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, மேல்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியோ, முப்பரிமாண அச்சில் எடுத்தோ செய்துகொள்கிறோம்.

இனி சிக்கலைச் சொல்கிறேன். பெரிய எஞ்சினை ஓட்டுவது சுலபம், குட்டி எஞ்சினை ஓட்டுவதுதான் கஷ்டம். தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம் சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. பெரிய எஞ்சினுக்கு எட்டோ பன்னிரண்டோ சக்கரம். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். குட்டிகளில் பலவற்றுக்கு நாலே சக்கரம். பாதை ஒரு மயிரிழை ஏறி இறங்கினாலும் நாலில் ஒன்று தூக்கிக்கொள்ளும். அப்போது ஒரு பக்கத் தண்டவாளத்தைத் தொடுவது ஒரே ஒரு சக்கரம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தைப் பாயிண்ட் என்போம்; அதில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராஸிங் பகுதியில் இருக்கிற பிளாஸ்டிக் மேல் அந்தச் சக்கரம் ஏறியதோ, எஞ்சின் செத்தது போல நின்றுவிடும். விரலால் தள்ளிவிட வேண்டியதுதான். பார்க்க வந்த பிள்ளையின் முகம் வாடிவிடும்.

அழுக்கு இன்னொரு பக்கம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரு கறுப்புக் கசடு படிகிறது. உலோகம் ஏன் கறுக்கிறது, எப்படி அரிக்கிறது என்றெல்லாம் ஆராய நம் காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எங்களோடு சேர்ந்த பிறகு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்தினோம். உப்புத்தாள் போடுகிற ஒவ்வொரு கீறலிலும் அடுத்த அழுக்கு போய் உட்காரும் என்று லென்ஸில் காட்டினார். இப்போது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணிதான். எஞ்சினை மல்லாக்கப் பிடித்து, மோட்டார் ஓடும்போதே பஞ்சுக் குச்சியைச் சக்கரத்தின் மேல் மெல்ல ஒற்றினால் பஞ்சு கரியாக வரும். வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய், அதுவும் ஊசிமுனை அளவு. சமையல் எண்ணெயைத் தொடவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிராஸிங்கை உலோகத்தில் வைத்து, பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப அதற்கு மின்சாரம் மாற்றிக்கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் ஓட்டுகிறவர்கள் எஞ்சினுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன கெப்பாசிட்டர் வைத்து, ஓரிரு விநாடி மின்சாரம் விட்டாலும் ஓடும்படி செய்துகொள்ளலாம். காலி இடத்தில் ஈயத்துண்டு வைத்து எடை கூட்டினால் பிடிப்பும் வரும், மின்தொடர்பும் வலுக்கும்.

வேகத்துக்கு எங்களிடம் ஒரு சோதனை உண்டு. ஷண்டிங்கின்போது மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது நம் ரயில்வேயின் பொது விதி. அதை 87-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. தண்டவாளத்தின் அருகே பள்ளிக்கூடத்து ஒரு அடி ஸ்கேலை வைத்துவிடுவோம். அதைக் கடக்க எஞ்சினுக்கு ஆறு விநாடிக்கு மேல் ஆக வேண்டும். ஆறு விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். திணறாமல், உதறாமல் அவ்வளவு மெதுவாக ஒரு குட்டி எஞ்சின் ஊர்ந்துபோய் வேகனைத் தொடுகிறபோது, அதில் கிடைக்கிற சந்தோஷம் வேகமாக ஓட்டுவதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

எங்கள் பலகையின் அமைப்பு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். இரண்டே பாயிண்ட், வேகன் நிறுத்த மூன்று சைடிங், அதாவது முட்டுப்பாதை. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. தலைப்பக்கம் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்க இடம். மொத்தம் எட்டு வேகன். சீட்டு குலுக்கி ஐந்து வேகனின் பெயரை எடுக்க வேண்டும். வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் கோத்து நிறுத்த வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். எட்டில் ஐந்தை வரிசை மாற்றிக் கோக்க 6,720 விதம் உண்டு. எனவே ஒருமுறை வந்த புதிர் மறுபடி வர ரொம்ப நாளாகும். பலகைக்கு பர்மா தேக்குத் துண்டு போட்டோம். பழைய வீட்டு நிலை, உத்தரம் எல்லாம் நம் பக்கத்து மரக்கடைகளில் துண்டாகக் கிடைக்கின்றன. அத்தனை வருஷம் காய்ந்த மரம் இனி எளிதில் வளையாது. பாதை மட்டமாக இருந்தால் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் பாவும்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். தன் எஞ்சினைத் தானே ஓட்டுகிறவருக்கு அதன் குறை கைப்பழக்கமாகிவிடும். எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்து அவரே அறியாமல் அங்கே கொஞ்சம் வேகம் கூட்டிவிடுவார். அடுத்தவர் கைக்குப் போனால்தான் குறை வெளியே வரும். நண்பர் ஒருவர் மேல்கூடு செய்த டபிள்யூடிஎஸ்4-ஐ ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வேகனைச் சேர்த்தவள் நிறுத்திவிட்டு, “ஐயா, முன்னால போறப்ப நல்லாத்தான் போகுது. திசை மாத்துறப்ப மட்டும் ஒரு தடவ உதறுது” என்றாள். “பாயிண்ட் மேல நிக்குதாத்தா?” என்று கேட்டார் எஞ்சினுக்குச் சொந்தக்காரர். “இல்லைங்கய்யா, எங்க நிறுத்தித் திருப்புனாலும் உதறுது.” கூட்டைக் கழற்றிப் பார்த்தோம். மோட்டார் அச்சிலிருக்கிற, திருகு போன்ற வார்ம் பல், திசை மாறும்போது முன்னும் பின்னும் ஒரு நூலளவு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்ததும் உதறல் நின்றது. மூன்று வருஷமாக அந்த எஞ்சினை வைத்திருந்தவர் அவர். கண்டுபிடித்தது முதல்நாள் வந்த பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்கள் விலை கூடியவை, மாணவர்களால் சட்டென்று வாங்க முடியாது. கோயில் காரியத்தை முறை வைத்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. எஞ்சினுக்கும் அப்படியே முறை வைத்தோம். எல்லோரும் காசு போட்டு, யாரோ ஓட்டி வைத்திருந்த 44 டன் ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றில் விட்டிருக்கிறோம். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் போகும். என்றைக்குச் சக்கரம் துடைத்தார்கள், எங்கே எண்ணெய் விட்டார்கள், எந்தப் பாயிண்டில் தடம் புரண்டது என்று வைத்திருக்கும் வீட்டார் எழுத வேண்டும். தடம் புரண்டதை எழுதினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எழுதாமல் விட்டால்தான் கேள்வி. ஒரு வீட்டில் ஆச்சி ஒருவரே எழுதியிருந்தார், பேரன் ஓட்டுகிறபோது இடது பக்கத்துக் கொக்கி இரண்டு தடவை தானாகக் கழன்றுகொண்டது என்று. கொக்கியின் உயரம் ஒரு இழை தாழ்ந்திருந்தது, நிமிர்த்திவிட்டோம்.

நேயர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் எஞ்சின் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. 5 அடி நீளம், 1 அடி அகலத்தில் மட்டமான ஒரு பலகை, இரண்டு பாயிண்ட், எட்டு வேகன் போதும். வேகனை முதலில் கையாலேயே தள்ளி அந்தச் சீட்டு ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். கணக்கு பிடிபட்டதும் பக்கத்தில் எஞ்சின் வைத்திருக்கிற யாரையாவது தேடிப்போய்க் கேளுங்கள். எங்கள் 44 டன் இந்த மாதம் கோட்டையூரில் இருக்கிறது, அடுத்து தேவகோட்டைக்குப் போக வேண்டும். அதற்கடுத்த மாதத்துக்கு இன்னும் வீடு முடிவாகவில்லை.

வணக்கம்.