மனச்சோர்வில் இருப்பவருக்கு இன்றைய சபை பாரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ‘மனச்சோர்வோடு வாழ்கிறவருக்கு இன்றைய கிறிஸ்தவ சபை ஆறுதலா, பாரமா’ என்பது தலைப்பு. பாரமே என்று பேச வந்திருக்கிறேன். நான் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவள், சபை மேல் பாசம் இருப்பதால்தான் இதைப் பேசுகிறேன்.

ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் முதலில் வந்து நிற்பது சபையார்தான் என்றார் எதிரணித் தலைவர். உண்மை. எங்கள் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை, ஒருவர் மாற்றி ஒருவர் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தார்கள், ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க வாலிபர் சங்கத்துப் பையன்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு விசுவாசம் குறைந்துபோனதால்தான் ரத்தக்குழாய் அடைத்தது என்று அப்பாவிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதே வீடு, அதே சபை. என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வு வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதாலும் எழுந்திருக்க முடியாமல், தலைகூட வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தூக்குவாளி வரவில்லை. வந்தவர்கள் கேள்வியோடு வந்தார்கள். அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கிறதா, வீட்டுக்குள் யாராவது எதையாவது வைத்துவிட்டார்களா... ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளை, நாலு பேர் பார்க்க, கையைப் பிடித்து நிறுத்தி, “இன்னுமா மாத்திர சாப்பிடுற? கர்த்தர் சுகம் தந்துட்டார்னு விசுவாசிச்சா அதத் தூக்கிப் போட்டுருவியேம்மா” என்றார் ஒரு அம்மா. அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் அக்காவால் தட்ட முடியவில்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரங்கள் ஆகும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், நோயும் திரும்பி வரலாம். அக்காவுக்குத் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எதிரணி ஒதுக்கிவிடக் கூடாது. இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்த வில்லியம் கேரியைப் பற்றி நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அவர் மனைவி டாரத்தியைப் பற்றி? 1793-இல் கைக்குழந்தையோடு கப்பலேறி வங்காளம் வந்தவர், அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார், அந்தத் துக்கத்துக்குப் பிறகு மனம் கலங்கியவர் 1807-இல் சேராம்பூரில் சாகும்வரை மீளவே இல்லை. கேரி வேதத்தை மொழிபெயர்த்த அதே வீட்டில்தான் அந்த அம்மாவை அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வைத்தியம் கிடையாது, அதனால் கேரியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இருநூறு வருடம் கழித்தும் மிஷனரி வரலாறு சொல்லும்போது அந்த அறையைத் தாண்டிப் போய்விடுகிறோமே, அதைக் குற்றம் சொல்வேன். லண்டனில் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனுக்கும் இதே கதைதான். 1856-இல் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ ‘தீ’ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அப்போது 22 வயதுதான் அவருக்கு. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வோடு போராடினார், அதை மேடையிலேயே சொன்னார். அவர் பிரசங்கங்களை எடுத்துக்கொண்ட நாம் இதை மட்டும் விட்டுவிட்டோம்.

வசனம் காட்டுங்கள் என்று எதிரணி கேட்டது. காட்டுகிறேன், எலியா. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசி. கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? தூங்க விட்டார். தூதனை அனுப்பி தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பாடு. அப்புறம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியே வருகிறது. நம் சபையில் கேள்வி முதலில் வருகிறது, அடை வருவதே இல்லை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைக் கட்டியது யார் என்றும் கேட்டார்கள். கிறிஸ்தவர்கள்தான், மறுக்கவில்லை. பாகாயத்தில் இருக்கும் அதன் மனநல மையத்தில் நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டார்கள், வீட்டு ஆளும் கூடவே தங்குவார், அவருக்கும் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். 1950-களில் தொடங்கிய வழக்கம் அது. எதிரணி கொண்டுவந்த சாட்சி எனக்கே சாட்சி சொல்கிறது, நடுவர் அவர்களே! ஜெபமும் மாத்திரையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இங்கே ஒன்றை வைத்து இன்னொன்றைப் பிடுங்குகிறோம்.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஜெபிக்கும்போது நோயின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள் என்கிறேன். ஞாயிறு ஜெபக்குறிப்பில் சர்க்கரை, கிட்னி, முழங்கால் வலி எல்லாவற்றையும் பெயர் சொல்லி வாசிக்கிறோம், என் அக்கா பெயர் வந்தால் மட்டும் ‘குடும்ப சமாதானத்துக்காக’ என்று வாசிக்கிறார்கள். மனச்சோர்வுக்காக என்று வாசிக்கட்டும், அக்காவே சம்மதம் கொடுத்திருக்கிறாள். மறுநாள் யாராவது ஒருவர் சோற்றோடு வரட்டும். அப்படி ஒரு வாரம் நடந்தால் எதிரணி பக்கம் போய் உட்கார நான் தயார். இன்றைக்கு ‘பாரமே’ என்றுதான் தீர்ப்புக் கேட்கிறேன். நன்றி.