காதில் தமிழ், கண்ணில் மலையாளம்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கமிருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது வீட்டுக் கதை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பேசுவது பாலக்காட்டுச் சித்தூரைப் பற்றி, ஆந்திரச் சித்தூர் இல்லை. அந்தக் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, அடுத்த ஊரான சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956இல் எல்லாம் கேரளம் ஆனது. வீட்டுப் பேச்சு மட்டும் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம், அடுப்படியில் தமிழ். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. தாலாட்டுப் பாடுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள், பழமொழி சொல்லிச் சண்டை போடுவார்கள். பஸ் போர்டைத் தமிழில் எழுதினால் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் பக்கம் நூலகத்தை வாயனசாலை என்போம். கேரளத்தில் வாயனசாலை இல்லாத ஊர் அபூர்வம். 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் தேதியை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். எங்கள் வாயனசாலையிலும் வருஷா வருஷம் அன்றைக்கு ஒரு கூட்டம் நடக்கும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து வாசிப்பின் பெருமையைப் பேசுவார், வழக்கமாக வருகிற பன்னிரண்டு பேர் கேட்போம், கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ, குடித்துவிட்டுக் கலைவோம். மூலையில் தமிழ் அலமாரி ஒன்று உண்டு. அதன் சாவி எங்கே என்று தேட வேண்டிய நிலைமை.

ஒரு வருஷம் கமிட்டியில் நான் சொன்னேன், பேச்சாளர் வேண்டாம், தோல்பாவைக்கூத்துக்காரர் ஒருவரைக் கூப்பிடுவோம் என்று. இந்தக் கூத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பக்கத்துப் பகவதி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருக்கும். நீளமான திரை, பின்னால் தேங்காய் முறிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய இருபத்தொரு விளக்குகள், மான்தோலில் செய்த பாவைகள். பாடுவது கம்பராமாயணம். ஆமாம், கேரளத்துக் கோயிலில் ராத்திரி முழுக்கக் கம்பன் பாட்டு! பாட்டு தமிழில், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து. ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாருகன் என்கிற அசுரனோடு போரில் இருந்தாளாம். தான் பார்க்காமல் போனதைப் பார்ப்பதற்காக அவளுக்கு ஆடிக் காட்டுவதாக ஐதீகம். அதனால் எதிரே மனிதர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. அம்மன் பார்க்கிறாள்.

சரி, வாயனசாலைக்கு வருகிறேன். வந்தவர் வயசானவர். இந்தக் கலையில் மூத்தவர்களைப் புலவர் என்பது வழக்கம். மேஜைமேல் துணிமூட்டையை அவிழ்த்து ஒரு சீதையை எடுத்தார். கையில் பார்த்தால் கருத்த தோல், துளைத் துளையாகக் குத்தியிருக்கிறது, அவ்வளவுதான். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நிழல் விழுந்தது, ஆனால் செத்த நிழல். "இந்த வெளிச்சத்துல சீதைக்கு உசிரு வராது. ஒரு தேங்காமுறி கொண்டாங்க" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, வேட்டியைக் கட்டித் திரையாக்கி, லைட்டை அணைக்கச் சொன்னார். சுடர் அசைய அசைய அந்தத் துளைகளெல்லாம் மினுங்க ஆரம்பித்தன. காதோலை, கழுத்து மணி, புடவைக் கரை எல்லாம். சீதை மூச்சு விடுகிறாள்! துளைகளை எதற்காக அந்த அளவில், அந்த இடைவெளியில் குத்துகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சுடர் ஆடுவதைக் கணக்குப் பண்ணித்தான் உளி வைக்கிறார்கள். எந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாலும் அது எனக்குப் புரிந்திருக்காது.

அப்புறம் பாடினார். பாடிவிட்டு அர்த்தம் சொன்னார். கடைசி வரிசையில் கடலைக்காட்டு வேலைக்குப் போகிற பெரியம்மா ஒருவர் எழுந்து நின்றார். "மாஷே" என்று, வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, "இவரு சொல்றது எங்க ஆத்தா பேசுறாப்பல இருக்குதுங்க. இது எந்தப் புத்தகத்துல இருக்குது?" என்றார். நான் அலமாரியைக் காட்டினேன். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே" என்றார். அந்த அம்மாவின் பேரன் காலேஜில் படிக்கிறவன். அவனுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது.

அடுத்த வாரமே புதன்கிழமை சாயங்காலம் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தோம். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். தெரியாத சொல் வந்தால் யாராவது ஒரு கிழவி, "அது ஏர் ஓட்டறப்பச் சொல்றதுங்க" என்பார். கம்பன் சொல்லுக்குக் காட்டிலிருந்து பொருள் வரும். நாலு பிள்ளைகள் எழுத்துக் கற்றுக்கொண்டார்கள், பேரன் உட்பட. அலமாரியின் சாவி இப்போது பூட்டிலேயே தொங்குகிறது.

அதனால் எல்லை ஊர் வாயனசாலைக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன். எங்களைப் போன்ற ஊர்களில் பேச்சுக் கூட்டம் நூலகத்தின் உபரி வேலை இல்லை. காதில் தமிழ் உள்ளவருக்கு முதல் வாசல் காதுதான். அந்த வாசலில் செய்கிறவரே வந்து பேசட்டும், செய்கிற பொருளோடு வரட்டும். மறுபடியும் சொல்கிறேன், பொருளோடு வரட்டும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். எங்கள் ஜில்லாவில் வாத்தியங்கள் செய்கிற ஊரான பெருவெம்பின் மிருதங்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பாட்டுக்குச் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த ஜில்லா இது, மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயரின் பெயரிலேயே இருக்கிற ஜில்லா. அவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. மிருதங்கம் செய்கிறவரைப் பேசக் கூப்பிட்டவர் குறைவு. நாங்கள் கூப்பிட்டோம். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நடுவில் இருக்குமே, அந்தக் கருப்பு வட்டத்தை, சோற்றையும் கல்பொடியையும் குழைத்து, ஒரு பூச்சுக் காயக் காயக் கல்லால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு பூச்சு என்று ஏற்றிக் காட்டினார். ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் காட்டினார், நாதம் மாறிக்கொண்டே வந்தது. குழந்தைகள் தரையில் காது வைத்துக் கேட்டார்கள்.

கூத்தாம்புள்ளி நெசவுக்காரர்களை அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறோம். தறியைத் தூக்கி வர முடியாது என்கிறார்கள், அதனால் வாயனசாலையே அங்கே போகிறது. புதன்கிழமை வாசிப்பு ஆறு மணிக்கு. வாலி வதையில் நிற்கிறோம். வருகிறவர்கள் வரலாம். வணக்கம்.