பழைய வாடிக்கையாளருக்குக் கடைசியில்தான் பொட்டலம்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘கருக்கலைப்பு உரிமையை 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நீக்கிவிட்டது. பழமைவாதக் கிறிஸ்தவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இன்னும் குடியரசுக் கட்சியோடு அவர்களுக்கு என்ன மனத்தாங்கல்?’ இரண்டு நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கிடைத்ததுதான். எத்தனை ஆண்டு காத்திருந்து? 1980இல் டல்லாஸ் நகரில் போதகர்கள் நிறைந்த கூட்டத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ரீகன் பேசினார். நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க முடியாது, நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அடுத்த ஆண்டே, அதிபராகி, சாண்ட்ரா டே ஓகானரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். கருக்கலைப்பு விஷயத்தில் இவரை நம்ப முடியாது என்று ஜெரி ஃபால்வெல் போன்ற போதகர்கள் கொதித்தார்கள். கேட்பார் இல்லை.

1992இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய பெரிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் அமர்த்தியவர்கள். ஆனாலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உரிமை தப்பியது. காப்பாற்றிய ஐவருமே அந்த எட்டுப் பேரில் உள்ளவர்கள்! எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் கென்னடி அமர்த்திய பைரன் வைட்டோ நீக்கச் சொன்ன பக்கம் நின்றார். முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்து வேறொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊர் மளிகைக் கடைக் கதை பழைய நேயர்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா 20 ஆண்டுகள் ஒரே கடையில் பற்று வைத்து வாங்கினார். புதிதாக யாராவது வந்தால் கடைக்காரர் அவருக்குத்தான் முதலில் நிறுத்துக் கொடுப்பார். அப்பாவிடம், ‘நீங்கள் நம்முடைய ஆள், சற்று இருங்கள்’ என்பார். இவர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது 2022க்கு வாருங்கள். தீர்ப்பு வந்த சில வாரங்களில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸ் மாநிலத்திலேயே, மாநில அரசியல் சட்டம் தந்த கருக்கலைப்பு உரிமையை நீக்க மக்கள் மறுத்து வாக்களித்தார்கள். கட்சிக்கு வியர்த்துவிட்டது. 2024 கொள்கை அறிக்கையில், கருவின் உயிரைக் காக்க அரசியல் சட்டத்தைத் திருத்துவோம் என்ற பல பத்தாண்டு வாசகம் காணாமல் போனது. மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கு ஆதரவு என்றும் எழுதினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பழமைவாதக் கிறிஸ்தவர்களின் பெரிய அமைப்பான தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையினர் அந்த முறையில் கருக்கள் அழிவதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தார்கள்! மனத்தாங்கல் இருக்காதா? ஆனால் நவம்பரில் வெள்ளையின இவாஞ்சலிக்கல் (இந்தப் பழமைவாதக் கிறிஸ்தவர்களில் பெரும் பிரிவு) வாக்காளர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் டிரம்புக்கே போட்டார்கள், 2016இலும் 2020இலும் போட்டதைப் போலவே. நம்முடைய ஆள், சற்று இருங்கள்.

நேயர் இன்னொன்றைக் கேட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்: இவர்கள் ஏன் எதிர்க் கடைக்குப் போவதில்லை? ஒருமுறை போனார்கள். 1976இல் இவர்களில் பலர் ஞாயிறு வேதபாடம் நடத்திய, ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டருக்கு வாக்களித்தார்கள். நான்கே ஆண்டுகளில் அவரை விட்டுவிட்டு, விவாகரத்தாகி மறுமணம் செய்த ஹாலிவுட் நடிகர் ரீகனிடம் வந்தது ஏன் என்பது தனிக் கதை. அடுத்த வாரம் சொல்கிறேன். அப்பா எதிர்க் கடைக்குப் போய்க் கோபத்தோடு திரும்பி வந்த கதையும் அதில் வரும்.